ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்து பெட்டிகள்

வியாழக்கிழமை மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம். நாகர்கோவிலில், என் வீட்டுச் சமையலறையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். மசாலா டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் பதினான்கு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது ஒன்பதுதான் பச்சையாக இருந்தன. மற்ற ஐந்தும் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. அந்த ஐந்தில் ஒன்று, என் மகள் ஷீபா இடுப்பில் கட்டியிருக்கும் பெட்டி.

ஷீபா கம்பியில்லாத் தொடர்பு பற்றி ஆராய்ச்சி செய்பவள். கல்வராயன் மலையில் கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊர்கள் நிறைய. அங்கே சோப்பு டப்பா அளவுள்ள சின்ன ரேடியோப் பெட்டிகளை மரத்திலும் கூரையிலும் கட்டி, ஒரு பெட்டி சொல்வதை அடுத்த பெட்டி கேட்டு, அதற்கடுத்ததிடம் சொல்லி, இப்படியே சேதியைக் கள்ளக்குறிச்சி நகரம் வரை இறக்கிக் கொண்டுவருவதுதான் அவளுடைய வேலை. நகரத்தில் இருக்கும் கடைசிப் பெட்டி அதை இணையத்தில் ஏற்றிவிடும். என் கைப்பேசியில் தெரிந்த புள்ளிகள் அப்படி வருபவை. நான் பயந்து பயந்து ஃபோன் பண்ணுவதைப் பொறுக்க மாட்டாமல் அவளே வைத்துக் கொடுத்தது.

நான் இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். முதல் சில வருடங்கள் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்து, கயிறு கயிறாக எடுத்துச் சொருகி, யாரை யாரோடு பேசவைப்பது என்பதை என் கையால் செய்தவள். அதனால் ஷீபா எனக்கு விளக்கும்போது அங்கிருந்துதான் தொடங்கினாள். “இதுல எக்ஸ்சேஞ்சே கிடையாதும்மா. ஒவ்வொரு பெட்டியும் ஃபோனும்தான், எக்ஸ்சேஞ்சும்தான்.” எந்தப் பெட்டிக்கும் மலை முழுவதும் தெரியாது, பக்கத்தில் இருப்பவை மட்டும் தெரியும். யாரிடம் மின்சாரம் அதிகம் மிச்சமிருக்கிறதோ அதைத் தங்களுக்குள் தலைமையாக வைத்துக்கொள்ளும். தலைமை பேசாமல் போனால் இன்னொன்றைத் தேர்ந்துகொள்ளும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராத பெட்டியை ‘இல்லை’ என்று குறித்துக்கொள்ளும்.

“சாம்பல்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. பக்கத்துல உள்ளவனுக்குக் கேக்கலன்னு அர்த்தம். அவ்வளவுதான்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஆறு மணி வரை அதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கிழங்கை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு, சென்னைப் பேருந்தில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கினேன். நல்ல மழை. சாலையோரம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாவற்றிலும் தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பொங்கல் வாங்கினேன். பரிமாறியவர் கேட்காமலே சாம்பாரை மூழ்க ஊற்றிவிட்டார். எங்கள் ஊரில் இவ்வளவு மிளகு போட மாட்டார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னசேலம் பக்கம் தண்ணீர் ரோட்டுக்கு மேலே போவதாகவும், மலையில் ராத்திரி முழுக்கக் கொட்டியதாகவும் ஒருவர் சொன்னார். மற்றவர், மலையில் கொட்டினால் மலைக்காரனுக்குத்தானே கஷ்டம், நீ தோசையைத் தின்னு என்றார். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

கள்ளக்குறிச்சிப் பேருந்து தியாகதுருகம் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு புளியமரத்தடியில் என்னோடு ஒரு பெண் ஒண்டிக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். கூலி வேலை, கருணாபுரத்தில் வீடு என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெயரை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். சாராயம் குடித்துத் தெருத்தெருவாகச் செத்தார்களே, அந்த இடம். என் முகம் எப்படி மாறியதோ தெரியவில்லை. அவள் பார்வையை எடுத்துவிட்டு, மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டினாள்.

மகள் மலையில் இருக்கிறாள், நேற்றிலிருந்து சேதி இல்லை என்றேன்.

“மலையில சேதி இல்லன்னா மழைன்னு அர்த்தம்ங்க. எங்க தெருவுல அப்டியே மாத்தி. ஃபோன் அடிச்சாத்தான் பயம். அடிக்காத இருந்தா, சரி, எல்லாம் உசுரோட இருக்குதுங்கன்னு படுத்துக்குவோம்.”

கடலையை மென்றுகொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வேறு பேருந்து வந்தது.

கள்ளக்குறிச்சியில் கடைசிப் பெட்டி இருப்பது காதர் பாயின் கடை மாடியில். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டித்தரும் கடை. மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. ஷீபா மலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கேதான் தங்குவாள். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே துடைத்துப் போட்டார். அவர் மனைவி சபூரா என் ஈரப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் கைப்பேசியைப் பார்த்தேன். பதினான்கும் சாம்பல்.

பாய் பதறவில்லை. “காலையிலேர்ந்து நெட்டே இல்லம்மா. கேபிளு எங்கியோ அறுந்துக்கினு கெடக்குது. மழைன்னா எங்களுக்கு இது தெனப்படி. பொட்டி நல்லாத்தான் கீது, மேல பாத்துட்டுத்தான் வந்தேன்” என்றார்.

அவர் பல இடங்களுக்குப் பேசிப் பார்த்தார். மலைக்குப் போகும் பேருந்தின் டிரைவர் ஒருவர் கிடைத்தார். ரோடு முடிகிற இடத்தில் ஒரு ஓடை உண்டு. அதில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகிறது, மரப்பாலம் போய்விட்டது, அந்தப் பக்கம் நாலைந்து ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஷீபா இருப்பது அந்தப் பக்கம்தான். அவளோடு ஆராய்ச்சி செய்யும் பிரவீன் கல்லூரியில் இருந்தான், அவனுக்கு ஃபோன் பண்ணினேன். ஓடைக்கரை மரத்தில் கட்டியிருந்த பெட்டி அடித்துப்போயிருக்கும், அதனால் அந்தப் பக்கத்து ஐந்தும் தனியாகப் பிரிந்திருக்கும், அவை தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கும், பயப்படாதீர்கள் என்றான். முன்பும் ஒருமுறை இரண்டு நாள் இப்படி ஆனதாம்.

பாய் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். பெட்டிகள் தலைமை வைத்துக்கொள்ளும் கதையை ஷீபா அவருக்கும் சொல்லியிருக்கிறாள். “யாருக்கு சார்ஜ் ஜாஸ்தியோ அவன் நாட்டாமை. கம்மியாச்சுன்னா எறங்கிக்கணும். எங்க மார்க்கெட் சங்கத்துல இத்தச் சொன்னேன், அத்தோட என்ன மீட்டிங்குக்குக் கூப்புடறதே வுட்டுட்டாங்க” என்றார். சபூரா உள்ளேயிருந்து, சார்ஜ் கம்மியானவர் முதலில் குளித்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பட்டும் என்று சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு மேல் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

சபூரா சோறும் கறிக்குழம்பும் வைத்தாள். என்னால் முடியவில்லை. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மாடிக்கு ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது. அதன்மேல் ஷீபாவின் கையெழுத்தில் ‘யாரும் தொட வேண்டாம்’ என்று ஒட்டியிருந்தது. விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது, சிமிட்டவில்லை. என் கைப்பேசியில் பதினான்கு சாம்பல் புள்ளிகள். எங்கள் போர்டில் ஒரு லைன் இப்படி மஞ்சளில் நின்றுவிட்டால் நாங்கள் செய்வது ஒன்றுதான். கயிற்றைப் பிடுங்குவோம், பத்து எண்ணுவோம், மறுபடி சொருகுவோம். அந்த வருடங்களில் அது எத்தனை முறை வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது வேலை செய்யாத நாட்களில் என்ன போயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்று பத்துக்குச் சொருகியைப் பிடுங்கினேன். விளக்கு அணையவில்லை, உள்ளே பேட்டரி இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதையும் நகத்தால் தள்ளினேன். அணைந்தது. பத்து எண்ணினேன். மறுபடி போட்டேன். விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டுப் பச்சையாயிற்று.

மூன்று மணி வாக்கில் என் கைப்பேசியில் ஒன்பது புள்ளிகள் பச்சைக்குத் திரும்பின. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சபூராவிடம், நான்தான் சரிபண்ணினேன், பத்து எண்ணி மாட்டினேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பாய் வந்து, கேபிள்காரன் இப்போதுதான் ஒட்டுப்போட்டுவிட்டுப் போகிறான், நெட்டு வந்துவிட்டதா பாருங்கள் என்றார்.

கொஞ்ச நேரத்தில் பிரவீன் கூப்பிட்டான். கள்ளக்குறிச்சிப் பெட்டி மதியம் ஒன்று பத்துக்கு அணைந்து திரும்ப எழுந்ததாகக் காட்டுகிறது, அங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டான். கரன்ட் போய் வந்திருக்கும் என்றார் பாய், கைப்பேசியை நோக்கிக் குனிந்து. பேட்டரி இருக்கிறதே, கரன்ட் போனாலும் அது அணையாதே என்றான் அவன். நான் பேசவில்லை. சபூரா என்னைப் பார்த்தாள்.

நெட்டு இல்லாதபோது மேலேயிருந்து வரும் சேதிகளை அந்தப் பெட்டி தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். மஞ்சள் விளக்குக்கு அதுதான் அர்த்தமாம். அணைத்தால் எல்லாம் போய்விடும். மேலே இருக்கும் பெட்டிகளிடமும் நகல் இருக்காது. வாங்கிக்கொண்டேன் என்று கீழேயிருந்து பதில் போனதும் அவை தங்களிடம் இருப்பதை அழித்துவிடும், இடம் போதாது என்பதற்காக. “ஆனா அந்தப் பக்கம்தான் துண்டாயிடுச்சே ஆன்ட்டி. சேதி எதுவும் வந்திருக்காது” என்றான் பிரவீன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. பாய் என்னை மலைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். வடக்கனந்தல், கச்சிராயப்பாளையம் என்று வழியெல்லாம் கரும்பு சாய்ந்து கிடந்தது. மக்காச்சோளக் கொல்லைகளில் தண்ணீர் நின்றது. மரச்சீனியும் நிறைய. இங்கே மரவள்ளி என்கிறார்கள். நாங்கள் மீன் குழம்போடு தின்பதை இங்கே மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றுகிறார்கள். முன்சீட்டுக்காரர் ஒருவர், கிழங்கு அழுகினால் இந்த வருடம் கல்யாணம் இல்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். வேறு நாளாக இருந்தால் யார் கல்யாணம் என்று கேட்டிருப்பேன்.

மலை ஏறத் தொடங்கியதும் கைப்பேசியில் சிக்னல் போயிற்று. எங்கள் பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கும். எங்கே திரும்பினாலும் ஒரு டீக்கடை, சிலுவை நட்ட ஒரு குருசடி இருக்கும். இங்கே வளைவுக்கு வளைவு காடுதான். வெள்ளிமலைக்கு மேல் பேருந்து போகவில்லை. ரேஷன் மூட்டை ஏற்றிப் போன ஒரு சரக்கு வண்டியில் இடம் கேட்டேன். முன்னால் உட்காரச் சொன்னார்கள். சேற்றில் இரண்டு தடவை இறங்கித் தள்ளவேண்டி வந்தது. நானும் தள்ளினேன்.

ரோடு முடிந்த இடத்தில் ஓடை. தண்ணீர் வடிந்து இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது, செம்மண் நிறம். பாலம் இருந்த இடத்தில் இரண்டு கட்டை மட்டும். எதிர்க்கரையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. பாலத்தைச் சரிசெய்ய வந்த நாலைந்து பேர் இந்தக் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற சமயம், ஒருவர் தலைக்குமேல் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். சோப்பு டப்பா அளவுள்ள பெட்டி.

அவர் பெயர் அண்ணாமலை. கரையேறியதும் நேராக அந்த ஆட்களிடம் போனார். குரல் உயரவில்லை.

“ஏங்க, சேதி குடுத்து ஒரு நாளாவுது. ஏன் ஒருத்தரும் வரல?”

என்ன சேதி என்றார்கள் அவர்கள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்த மரம் விழுந்தபோது, அதில் கட்டியிருந்த பெட்டியை அவிழ்க்க ஷீபாவோடு போயிருந்த அவருடைய மச்சான் சடையன் அடியில் மாட்டிக்கொண்டார். ஷீபாவுக்கு ஒன்றுமில்லை. அந்த வரியைக் கேட்டதும் சரக்கு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் தூரத்திலிருந்து கேட்பதுபோல இருந்தது. சடையனின் கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும், மலையைச் சுற்றிக் கருமந்துறைப் பக்கம் இறக்கிவிடலாம் என்று தூளி கட்டித் தயாராக இருந்தார்கள். ஆறு மணி நேர நடை, வழுக்குப் பாதை. கிளம்புவதற்கு முன்னால் ஷீபா ஒரு யோசனை சொன்னாள். சேதியைப் பெட்டியில் ஏற்றி இவரிடம் கொடுத்து, மேட்டின் உச்சிக்கு அனுப்பினாள். அங்கே நின்றால் இந்தக் கரைப் பெட்டிக்குக் கேட்கும்.

“ஆளு தாண்ட முடியாதுங்க, பொட்டி பேச்சு தாண்டிடும்னு பொட்டிப்பொண்ணு சொன்னாங்க. அதே மாரிதான் ஆச்சு. டவுனுக்குப் போயிருச்சுன்னு மூணு தபா பச்சை அடிச்சுச்சு. ஓடியாந்து சொன்னேன். கயிறோட ஃபயர் சர்வீஸு வரும், கால ஆட்டாம வச்சுக்கினு இருங்கன்னாங்க. தூளிய அவுத்துட்டோம்.”

எத்தனை மணிக்குப் பச்சை அடித்தது என்று நான் கேட்டேன்.

“நேத்து உச்சிக்குங்க. பன்னெண்டரை இருக்கும்.”

நாற்பது நிமிடம் அந்தச் சேதி காதர் பாயின் மாடியில் மஞ்சள் விளக்காக எரிந்துகொண்டு இருந்திருக்கிறது. நான் தொடாமல் இருந்திருந்தால் மூன்று மணிக்கு நெட்டு வந்ததும் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்டிகள் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன. அண்ணாமலை சரியாகச் செய்திருக்கிறார். ஷீபா சரியாகச் செய்திருக்கிறாள். எந்தப் பெட்டியும் வாங்காததை வாங்கியதாகச் சொல்லவில்லை.

பிறகு நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பீடியைப் போட்டுவிட்டு அந்த ஆட்கள் எல்லோரும் அண்ணாமலையோடு தண்ணீரில் இறங்கினார்கள். சரக்கு வண்டி டிரைவர் மூட்டைகளை இறக்கி ஒரு பாறைமேல் அடுக்கிவிட்டு, தார்ப்பாயை மடித்து வண்டிக்குள் படுக்கைபோல விரித்தார். நான் கரையிலேயே நின்றேன். ரோட்டோர வீட்டு அம்மா ஒருத்தி தூக்குச்சட்டியில் சாமைச் சோறும் ரசமும் கொண்டுவந்து, சாப்பிடுங்க, அவங்க வர நேரமாகும் என்று வற்புறுத்தினாள். பசித்தது. அந்த நேரத்திலும் பசித்தது என்பதுதான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

இதை எழுதும்போது சடையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஷீபாவிடம் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டிவைத்தேனே அம்மா, அதுவும் உனக்குத் தெரிந்த கையெழுத்தில் என்று மட்டும் சொன்னாள். இனி அணைத்தாலும் சேதி அழியாதபடி பெட்டியை மாற்றுகிறாளாம். சடையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்காக அடுத்த வாரம் மறுபடி மலைக்குப் போகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் ஓடையைக் கடந்து வந்தார்கள். முதலில் அண்ணாமலை, தடியால் ஆழம் பார்த்துக்கொண்டு. பின்னால் ஆறு பேர் தோளில் தூளி. அதைப் பிடித்தபடி ஷீபா, இடுப்புவரை சேறு. கரையேறியதும் ஒரு கணம் என் தோளில் நெற்றியை வைத்தாள். உடனே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லப் போய்விட்டாள். தூளிக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. கடைசியாகச் சடையனின் மனைவி காளியம்மா வந்தாள். புடவையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

“நீங்கதான் பொட்டிப்பொண்ணோட அம்மாவாங்க? நீங்க வந்து கத்துனதாலதான் ஆளுங்க எறங்கி வந்தாங்கன்னு எந்தம்பி சொல்லிச்சு. நேத்தெல்லாம் வழியப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுங்க. ஒரு சனம் வரல. நீங்க ஒருத்தராவது எங்களுக்குன்னு வந்தீங்களே.”